வெளியிலிருந்து நீர் அழுத்தும்போது: வளையமிட்ட தொட்டிகள், நீர்மூழ்கிகள், குழாய்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில் ஜேக்கப்ஸ், மோபெனி, பேஹெட் பக்கம் தகடு வளைத்துத் தொட்டி செய்யும் பட்டறைகளிலும் கப்பல் பழுதுபார்க்கும் இடங்களிலும் நம்மவர்கள் பலர் வேலை செய்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளில் சிலர் இப்போது இயந்திரப் பொறியியல் படிக்கிறார்கள். அப்பா பட்டறையில் கேட்பதும் பிள்ளை வகுப்பில் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விதான். கோயில் வாசலிலும், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்த பிறகும், வாட்ஸ்அப்பிலும் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெளி அழுத்தத்தை எதிர்த்து நிற்பவை வட்டமும் வளையமும். தகட்டின் கனம் அதற்கு அப்புறம்தான்.

கேள்வி: உள்ளே 8 பார் ஏற்றிச் சோதித்த தொட்டி, வெளியே 1 பார்கூட இல்லாதபோதே நசுங்கும் என்கிறீர்களே, எப்படி?

பார் என்பது அழுத்தத்தின் அலகு, ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். இந்தப் பக்கம் முழுவதும் ஒரே தொட்டியை வைத்துக்கொள்வோம். குறுக்களவு 2.4 மீட்டர், நீளம் 6 மீட்டர், 6 மி.மீ. சாதாரண எஃகுத் தகடு, இரு முனையிலும் குவிந்த மூடி. உள்ளே 8 பார் ஏற்றினால் தகட்டில் வரும் தகைவு, அதாவது எஃகின் ஒரு சதுர அளவு தாங்கும் விசை, 160 மெகாபாஸ்கல் (10 பார் ஒரு மெகாபாஸ்கல்). அந்த எஃகு 250 மெகாபாஸ்கலில்தான் விட்டுக்கொடுக்கும், அதாவது மீளாதபடி உருமாறத் தொடங்கும். ஆகவே தாங்கிவிடும். அதே தொட்டியை வெளியிலிருந்து அழுத்தினால் கணக்குப்படி 0.67 பாரிலேயே நசுங்கும். நசுங்கும் நேரத்தில் தகட்டில் இருக்கும் தகைவு வெறும் 13 மெகாபாஸ்கல். எஃகுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

உள்ளிருந்து அழுத்தம் வந்தால் தகடு இழுபடுகிறது. எங்காவது வட்டம் லேசாகக் கெட்டிருந்தாலும் அழுத்தமே அதை நேராக்கிவிடும். வெளியிலிருந்து வந்தால் தலைகீழ். ஒரு நூலளவு உள்வாங்கியிருக்கும் இடத்தை அழுத்தம் இன்னும் உள்ளே தள்ளும். தள்ளத் தள்ள அந்த இடத்தின் எதிர்ப்பு குறையும், எதிர்ப்பு குறையக் குறைய இன்னும் உள்ளே போகும். ஒரு கட்டத்தில் தாங்கவே முடியாமல் சட்டென்று மடங்கிவிடும். இதைத்தான் பக்ளிங் என்கிறோம். எச்சரிக்கை எதுவும் வராது. ஒரு சத்தம், அவ்வளவுதான்.

வீட்டிலேயே பார்க்கலாம். வழவழப்பான பக்கங்கள் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலை வாயில் வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். இரண்டு மூன்று இடத்தில் உள்ளே மடங்கும். சுற்றிலும் வரி வரியாக மேடு போட்ட பாட்டிலை அதேபோல உறிஞ்சினால் அவ்வளவு எளிதில் மடங்காது.

கேள்வி: அப்படியானால் விலை கூடிய, வலிமை கூடிய எஃகு வாங்கினால் சரியாகிவிடுமா?

நம் தொட்டிக்கு ஆகாது. இங்கே கணக்கில் வருவது எஃகின் வலிமை அல்ல, விறைப்பு. சாதாரண எஃகுக்கும் உயர்வலிமை எஃகுக்கும் விறைப்பைக் காட்டும் யங் குணகம் ஏறக்குறைய ஒன்றே, சுமார் 205 கிகாபாஸ்கல். அந்தப் பணத்தை வளையத்தில் போடுங்கள். நீர்மூழ்கி போன்ற ஆழமான விஷயத்தில் கதை வேறு, அதற்குக் கீழே வருகிறேன்.

கேள்வி: கனமான தகடு போட்டால் போதாதா? வளையம் எதற்கு?

பட்டறையில் அண்ணன்மார் அதிகம் கேட்பது இதுதான். வளையம் வளைப்பது, பொருத்துவது, பற்றவைப்பது எல்லாம் கூலி வேலை, தகடு மாற்றுவது ஒரு ஃபோன் கால். அதனால் இந்தக் கேள்வி நியாயமானது. கணக்குப் போட்டே பார்ப்போம்.

குட்டையான உருளைகளுக்கு 1934-இல் அமெரிக்கக் கடற்படையின் வாஷிங்டன் சோதனைக்கூடத்தில் விண்டன்பர்க், டிரில்லிங் என்ற இருவர் ஒரு எளிய வாய்ப்பாடு கொடுத்தார்கள். இன்றும் முதல் கணக்குக்கு அதுவே போதும். அதைச் சொல்லில் எழுதினால்: தகட்டுக் கனத்தைக் குறுக்களவால் வகுத்து, அதை 2.5 அடுக்குக்கு (power) உயர்த்தி, யங் குணகத்தாலும் 2.6-ஆலும் பெருக்குங்கள். பிறகு, தாங்கல் இல்லாத நீளத்தை (இரண்டு வளையங்களுக்கு இடையே, வளையம் இல்லாவிட்டால் இரண்டு மூடிகளுக்கு இடையே உள்ள தூரத்தை) குறுக்களவால் வகுத்து வரும் எண்ணிலிருந்து ஒரு சிறு திருத்தத்தைக் கழித்து, மிஞ்சுவதால் வகுத்துவிடுங்கள். அந்தத் திருத்தம், கனத்துக்கும் குறுக்களவுக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தில் 0.45 பங்கு.

வளையமே இல்லாத நம் தொட்டிக்கு இது 0.67 பார் தருகிறது. தகட்டை 12 மி.மீ. ஆக்கினால் 3.8 பார். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் உருளைப் பகுதி மட்டுமே கூடுதலாக 2.1 டன் எஃகு தின்னும். இப்போது 6 மி.மீ. தகட்டையே வைத்துக்கொண்டு, 100 மி.மீ. உயரம், 10 மி.மீ. கனமுள்ள பட்டையை வளைத்து மீட்டருக்கு ஒன்றாக ஐந்து வளையம் போடுங்கள். கிடைப்பது 4.2 பார். ஐந்து வளையத்தின் எடை 300 கிலோகூட வராது. இரண்டு டன் தகடு செய்த வேலைக்கு மேலேயே 300 கிலோ பட்டை செய்துவிட்டது.

ஏன் என்றால் தாங்கல் இல்லாத நீளம் குறைகிறது. 6 மீட்டர் நீளமும் சுதந்திரமாக இருந்தபோது தகடு சுற்றளவில் நான்கைந்து பெரிய மடிப்புகளாக மடங்கப் பார்க்கும். மீட்டருக்கு ஒரு வளையம் வந்தபின் அதே தகடு பதினொன்று போலச் சின்னச் சின்ன மடிப்புகளாகத்தான் மடங்க முடியும். சின்ன மடிப்பு போட அதிக ஆற்றல் தேவை.

கேள்வி: இந்தத் தொட்டியை மண்ணில் புதைக்கலாமா? மழைக்காலத்தில் தண்ணீர் தரை மட்டம் வரை வருகிறது.

தொட்டியின் மேல் 1 மீட்டர் மண் இருந்தால் அடிப்பாகம் 3.4 மீட்டர் ஆழத்தில் இருக்கும். அங்கே நீர் அழுத்தம் 0.33 பார். கணக்கு 0.67 என்கிறதே, இரண்டு மடங்கு இருக்கிறதே என்று சும்மா விட்டுவிடக் கூடாது. வாய்ப்பாடு சொல்வது குறையே இல்லாத வட்டத்துக்கு. உண்மையான தொட்டி அதைவிடக் குறைவில் நசுங்கும். அமெரிக்க அழுத்தக்கலன் விதித்தொகுப்பு உருளைகளுக்கு மூன்று மடங்கு இடைவெளி வைக்கிறது. அப்படிப் பார்த்தால் வளையமில்லாத தொட்டிக்கு அனுமதி 0.22 பார்தான், அதாவது 2.3 மீட்டர் தண்ணீர். தேறாது. நடுவில் ஒரே ஒரு வளையம் போட்டால் அனுமதி 0.45 பார், 4.6 மீட்டர் தண்ணீர். நீர் அழுத்தத்துக்கு அதுவே போதும். மண்ணின் சுமையும் மேலே வண்டி போகும் சுமையும் தனிக் கணக்கு.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். அந்தத் தொட்டி காலியாக இருந்தால் தண்ணீர் அதை 27 டன் விசையில் மேலே தூக்கும். தொட்டியின் எடை மூன்று டன் போல. கான்கிரீட் படுகையில் பட்டை போட்டுக் கட்டாவிட்டால் நசுங்குவதற்கு முன்பே மிதந்து வெளியே வந்துவிடும்.

கேள்வி: வளையமிட்ட உருளை எத்தனை விதத்தில் கெடும்?

முதலாவது மேலே சொன்னது: இரண்டு வளையங்களுக்கு நடுவில் தகடு மடிப்பு மடிப்பாக உள்ளே போவது.

இரண்டாவது அதைவிட மோசம். வளையங்களே மெலிதாக இருந்தால் தகடும் வளையமும் சேர்ந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழு உருளையும் இரண்டு மூன்று பெரிய மடிப்பாக அமுங்கிவிடும். வளையம் இருந்தும் இல்லாததுபோல. ஆகவே வளையம் போட்டால் மட்டும் போதாது, அதற்குத் தகுந்த விறைப்பும் வேண்டும். நம் தொட்டியில் 80 மி.மீ. பட்டை போட்டிருந்தால் விறைப்பு விளிம்பில் நின்றிருக்கும். 100 மி.மீ. போட்டால் முக்கால் மடங்கு கூடுதலாகிறது. அதனால்தான் 100 என்றேன். இந்தக் கணக்கில் வளையம் தனியாக வேலை செய்வதில்லை. அதன் இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 130 மி.மீ. அகலத் தகடும் கூடவே வேலை செய்கிறது. 1954-இல் பிரையன்ட் கொடுத்த வாய்ப்பாடு தகட்டின் பங்கையும் வளையத்தின் பங்கையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுகிறது. மாணவர்கள் அதைக் கையால் ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வளையம் தன் பக்கமாகச் சாய்வது. உயரமான, மெல்லிய பட்டையில் இது நடக்கும். வளையம் படுத்துவிட்டால் அந்த இடத்தில் தாங்கலே இல்லை, பக்கத்து இரண்டு இடைவெளிகளும் ஒன்றாகி வலிமை பாதியாகிவிடும். சாதாரண எஃகுப் பட்டையின் உயரம் கனத்தைப்போலப் பத்துப் பன்னிரண்டு மடங்குக்குள் இருந்தால் கவலை குறைவு. நீர்மூழ்கியில் டி வடிவ வளையம் போடுவது இதற்காகவும்தான்.

நான்காவது, மடிப்பே இல்லாமல் எஃகு விட்டுக்கொடுத்து அமுங்குவது. வளையங்கள் நெருக்கமாகவும் தகடு கனமாகவும் இருக்கும் இடத்தில் மட்டும்.

கேள்வி: வட்டம் எவ்வளவு சரியாக இருக்க வேண்டும்? கண்ணுக்கு உருண்டையாகத்தானே தெரிகிறது?

கண்ணை நம்பாதீர்கள். மற்ற எல்லாக் கேள்வியையும்விட இதற்கு நான் அதிக இடம் கொடுக்கிறேன். பட்டறையில் யாருக்கும் நேரமில்லாத வேலை இதுதான், தொட்டியின் உயிரும் இதில்தான் இருக்கிறது.

பிரிட்டிஷ் அழுத்தக்கலன் விதித்தொகுப்பு வெளி அழுத்தக் கலன்களுக்கு ஆரத்தில் அரை சதவீதம் வரை விலகலை வைத்துக் கணக்கிடுகிறது. நீர்மூழ்கி வடிவமைப்பிலும் வழக்கமாக அதே எண். நம் தொட்டிக்கு ஆரம் 1200 மி.மீ., அதில் அரை சதவீதம் 6 மி.மீ. அதாவது தகட்டின் கனம் அளவுக்கு வட்டம் விலகினாலே எல்லை தொட்டாயிற்று. 2.4 மீட்டர் குறுக்களவில் 6 மி.மீ. கோணலை எந்தக் கண்ணும் பார்க்காது.

அளக்கும் முறை எளிது. தொட்டிக்கு உள்ளே நடுவில் ஒரு கம்பத்தை நிறுத்தி, அதில் சுழலும் கையில் அளவுகோலைக் கட்டுங்கள். 15 பாகைக்கு ஒன்றாக 24 புள்ளிகளில் ஆரத்தை அளந்து, உள்பக்கமே சாக்பீஸால் எழுதுங்கள். வளையம் உள்ள இடத்தில் ஒருமுறை, இரண்டு வளையங்களுக்கு நடுவில் ஒருமுறை. கம்பம் சரியாக மையத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 24 எண்களைக் கொண்டு உண்மையான மையத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். அப்புறம் எஞ்சும் விலகலைப் பாருங்கள். அது எவ்வளவு பெரியது என்பதோடு எந்த வடிவில் இருக்கிறது என்பதும் முக்கியம். நான்கு இடத்தில் உள்ளே, நான்கு இடத்தில் வெளியே என்று வந்தால், தொட்டி எந்த வடிவில் மடங்கப் போகிறதோ அந்த வடிவில் நீங்களே முன்கூட்டி வளைத்துக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். அதே அளவு பிழை வேறு வடிவில் இருந்திருந்தால் இவ்வளவு கெடுதல் இல்லை.

பிழை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நீளவாக்கு மூட்டில். உருளை இயந்திரத்தில் தகட்டின் இரு ஓரமும் சரியாக வளையாமல் தட்டையாக நின்றுவிடும். இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பற்றவைத்தால் மூட்டு கூரை முகடுபோல நிற்கும். ஓரத்தை முதலில் தனியாக வளைத்துக்கொண்டு அப்புறம் உருட்டுவதுதான் சரி. இன்னொரு காரணம், தொட்டியைப் படுக்க வைத்துப் பற்றவைக்கும்போது தன் எடையிலேயே அது முட்டை வடிவாவது. உள்ளே குறுக்குக் கம்பி கொடுத்து நிறுத்தாமல் வளையத்தை இணைத்தால், அந்த முட்டை வடிவம் அப்படியே நிலைத்துவிடும்.

கேள்வி: வளையத்தை முழுசாகப் பற்றவைக்க வேண்டுமா, விட்டு விட்டு வைக்கலாமா?

வளையம் தகட்டின் வெளிப்பக்கம் இருந்தால் அழுத்தம் தகட்டை வளையத்திலிருந்து பிரிக்கப் பார்க்கும். பற்றவைப்பு இழுவிசையில் நிற்கும். அங்கே விட்டு விட்டு வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். உள்பக்க வளையத்தில் தகடு வளையத்தின் மேல் அழுந்துவதால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், விதிகளும் அனுமதிக்கின்றன. ஆனால் டர்பன் கடற்காற்றில், ஈரம் தங்கும் இடத்தில், விட்ட இடைவெளியில் துரு நுழைந்து உள்ளுக்குள் தின்னும்.

அதைவிட ஆபத்தான ஒரு பழக்கம் இருக்கிறது. தண்ணீர் வடிவதற்காக வளையத்தின் அடிப்பாகத்தில் ஒரு துண்டை வெட்டி எடுப்பது. சிறு அரைவட்டத் துளை போதும். பட்டையின் முழு உயரத்தையும் அறுத்துவிட்டால் அது வளையமே இல்லை, வெறும் வளைந்த பட்டை. அதுவும் அழுத்தம் அதிகமாக இருக்கும் அடிப்பாகத்திலேயே அறுப்பது. வளையத்தின் இரண்டு முனை சேரும் மூட்டும் அப்படித்தான்: முழுக் கனத்துக்கும் உருகிச் சேர வேண்டும், மேலோட்டமாகப் பூசினால் ஆகாது.

கேள்வி: வளையம் உள்ளேயா, வெளியேயா?

பயனைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தொங்காட் பக்கம் மெய்ட்ஸ்டோன் ஆலையிலோ வேறு சர்க்கரை ஆலையிலோ வேலை செய்பவர்களுக்கு வேக்குவம் பேன் தெரியும். சர்க்கரையைக் கருகவிடாமல் 65, 70 பாகை செல்சியஸில் கொதிக்க வைக்க உள்ளே காற்றழுத்தத்தை இறக்குகிறார்கள். அப்போது வெளியிலிருந்து 0.85 பார் போல அழுத்தம் சுற்றிலும் இறுக்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர் இல்லை, வெறும் காற்று, ஆனால் கணக்கு ஒன்றே. உள்ளே வளையம் வைத்தால் பாகு அதில் ஒட்டி நிற்கும், சுழற்சி கெடும். ஆகவே வளையம் வெளியே. 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இந்தக் கரும்புத் தோட்டங்களில் இறங்கிய நம் முன்னோர்களின் வழிவந்தவர்கள் இன்று அதே கரும்பைக் காய்ச்சும் கலனின் வளையத்தை ஆய்வு செய்கிறார்கள் என்பது எனக்குப் பெருமையான விஷயம்.

நீர்மூழ்கியில் பெரும்பாலும் உள்ளே. வெளிப்பக்கம் வழவழப்பாக இருந்தால் நீரோட்டத்துக்கு நல்லது, உப்பு நீர் வளையத்தைத் தொடாது. உள்ளே இடம் குறையும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

கேள்வி: சைமன்ஸ் டவுன் கடற்படைத் தளத்தில் நிற்கும் நம் தென்னாப்பிரிக்க நீர்மூழ்கிகளும் இதே கணக்குத்தானா?

அடிப்படை ஒன்றே. மந்தாட்டிசி, சார்லட் மக்செகே, குயின் மோஜாஜி என்ற மூன்றும் ஜெர்மனியில் கட்டிய 209 வகை. அவற்றின் உண்மையான தகட்டளவைப் பற்றிப் பேசாமல், படிப்பதற்காக ஒரு கற்பனை உடலை எடுப்போம். ஆரம் 3 மீட்டர், தகடு 25 மி.மீ., 600 மி.மீட்டருக்கு ஒரு வளையம், 550 மெகாபாஸ்கலில் விட்டுக்கொடுக்கும் எஃகு. மேலே சொன்ன வாய்ப்பாடு, மடிப்பு விழ 84 பார் வேண்டும் என்கிறது, அதாவது கடலில் 830 மீட்டர் ஆழம் போல. ஆனால் 46 பாரில், சுமார் 455 மீட்டர் ஆழத்திலேயே, தகட்டின் சராசரித் தகைவு 550-ஐ எட்டிவிடும். மண்ணில் புதைத்த நம் தொட்டியில் எஃகின் வலிமை கணக்கிலேயே வரவில்லை. இங்கே அதுவே முதலில் வந்து நிற்கிறது. நல்ல எஃகுக்குப் பணம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். மடிப்பும் வலிமையும் ஒன்றையொன்று நெருங்கும் இந்த இடத்தில்தான் உருட்டும்போதும் பற்றவைக்கும்போதும் எஃகில் தங்கிவிட்ட தகைவுகள் பெரிய கெடுதல் செய்யும்.

எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு வருத்தமான சான்று 2021 ஏப்ரலில் கிடைத்தது. இந்தோனேசியாவின் நங்காலா, இதே 209 குடும்பத்துக் கப்பல், பாலிக்கு வடக்கே மூழ்கியது. ஏறத்தாழ 840 மீட்டர் ஆழத்தில் மூன்று துண்டாகக் கிடந்தது. அதில் இருந்த 53 பேரும் போய்விட்டார்கள்.

கேள்வி: 6000 மீட்டர் ஆழத்துக்குப் போகும் கலத்தில் வளையமே இல்லையே?

சென்னை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000-ஐப் பாருங்கள். 2.1 மீட்டர் குறுக்களவு, 80 மி.மீ. கனம், டைட்டானியம் உலோகக்கலவைக் கோளம். 600 பாரில் தகைவு 400 மெகாபாஸ்கல் போல வரும். மடிப்பு விழ, குறையற்ற கோளத்தின் கணக்குப்படி, 7000 பாருக்கும் மேல் வேண்டும். மடிப்பைப் பற்றிய பயமே பின்னுக்குப் போய்விட்டது, ஆகவே வளையம் தேவையில்லை. கோளம் தன் வடிவத்திலேயே எல்லாத் திசையிலும் வளைந்திருப்பதுதான் காரணம். வட்டத்தின் துல்லியம் மட்டும் அங்கேயும் வேண்டும்.

2023 ஜூனில் டைட்டானிக்கைப் பார்க்கப் போய் ஐந்து பேரோடு நசுங்கிய டைட்டன் கலம் கார்பன் இழை உருளை. இழைப் பொருள் இழுவிசையில் மிக நல்லது. அமுக்கத்தில் அதன் அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியலாம், ஒவ்வொரு முறை மூழ்கும்போதும் அந்தப் பிரிவு வளரலாம். எஃகுக்குச் சொன்ன வாய்ப்பாட்டை அதற்கு அப்படியே போட முடியாது.

கேள்வி: வளையம் போடலாம் என்று முதலில் யார் சொன்னது?

கொதிகலன் வெடித்துக்கொண்டிருந்த காலத்தில் வில்லியம் ஃபேர்பெய்ன் என்ற பொறியாளர். கொதிகலனுக்குள் செல்லும் புகைக்குழாய்கள் வெளி அழுத்தத்தில் நசுங்குவதை அவர் சோதனை செய்து, 1858-இல் முடிவுகளை வெளியிட்டார். நீளமான குழாய் சீக்கிரம் நசுங்குகிறது, குட்டையான குழாய் தாங்குகிறது என்று காட்டினார். அதற்கு முன் நீளத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. நீளத்தைக் கூறுபோட வளையம் போடுங்கள் என்று சொன்னதும் அவரே. கோட்பாடு அப்புறம்தான் வந்தது: 1913-இல் சவுத்வெல், 1914-இல் ஃபான் மீசஸ்.

கேள்வி: மலைக்குள் போகும் குழாய்களுக்கும் இந்த ஆபத்து உண்டா?

உண்டு. டிராகன்ஸ்பெர்க் 1000 மெகாவாட், இங்குலா 1332 மெகாவாட் என்று மலைக்குள் நீரேற்று மின்நிலையங்கள் நம் மாகாணத்தின் ஓரத்திலேயே இருக்கின்றன. இப்படிப்பட்ட நிலையங்களில் எஃகுத் தகடு பதித்த சுரங்கக் குழாயில் தண்ணீர் நிரம்பியிருக்கும்வரை அபாயம் இல்லை. பராமரிப்புக்காகக் காலி செய்யும்போதுதான் பாறைக்குள் தேங்கிய நீர் வெளியிலிருந்து அழுத்தும். சுற்றிலும் கான்கிரீட் இருப்பதால் தகடு வெளியே போக முடியாது, ஒரே ஒரு மடிப்பாக உள்ளே பிதுங்கும். இதற்கு ஆம்ஸ்டுட்ஸ், ஜேக்கப்சன் என்பவர்களின் தனி வாய்ப்பாடுகள் இருக்கின்றன. வளையம் போடுவது, பின்னால் வடிகால் வைப்பது, மெதுவாகக் காலி செய்வது என்று மூன்றும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

கேள்வி: துரு பிடித்த தொட்டியை இன்னும் எத்தனை காலம் வைத்திருக்கலாம்?

ஆண்டுக்கணக்கு சொல்ல மாட்டேன், கனத்தை அளந்து சொல்லுங்கள். 6 மி.மீ. தகடு 5.4 ஆகிவிட்டால் கனம் பத்து சதவீதம்தான் குறைந்தது, வலிமை 23 சதவீதம் போய்விட்டது. 4.5 ஆகிவிட்டால் பாதிக்கு மேல் காலி. வளையத்தின் ஓரத்தையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மென்பொருளில் பக்ளிங் கணக்கு ஓட்டினேன், கையால் போட்டதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வருகிறது. எது சரி, மாமா?

இது ஒரு மாணவி கேட்டது, நல்ல கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது: தகடு வளையும்போது அழுத்தமும் அதனோடு சேர்ந்து திரும்புகிறதா? நீர் எப்போதும் பரப்புக்குச் செங்குத்தாகவே அழுத்தும். நீளக் குழாய் அல்லது தனி வளையத்தில், திசை மாறாத விசை என்று வைத்தால் விடை மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் கூடுதலாக வரும். அமைப்பில் ஒரு குறியை மாற்றினால் சரியாகிவிடும். அப்புறம் அந்த விடையோடு நிறுத்தாதே அம்மா. முதல் மடிப்பு வடிவத்தையே ஆரத்தில் அரை சதவீதப் பிழையாகக் கொடுத்து, எஃகு விட்டுக்கொடுப்பதையும் சேர்த்து மறுபடி ஓட்டு. மடிப்பின் ஒவ்வொரு அரை அலைக்கும், மென்பொருள் தகட்டைப் பிரிக்கும் சிறு கூறுகள் (elements) எட்டுப் பத்தாவது இருக்கட்டும்.

கேள்வி: வீட்டில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைப் பாதி புதைக்கலாமா? ஃபைபர் நீச்சல் குளம் ஏன் உள்ளே பிதுங்குகிறது?

தரைக்கு மேல் வைக்கச் செய்த தொட்டியைப் புதைக்கவே கூடாது. புதைப்பதற்கென்று செய்யும் தொட்டியில் ஆழமான வரிகள் இருக்கும், அவை வளையங்கள்தான். பிளாஸ்டிக் இன்னொரு விதத்திலும் எஃகைவிட மோசம்: சுமை மாதக்கணக்கில் இருந்தால் அதன் விறைப்பு பல மடங்கு குறையும். முதல் மழைக்குத் தாங்கியது மூன்றாம் மழைக்குத் தாங்கும் என்று சொல்ல முடியாது. மூடியில் காற்று போகும் துளையை யாரும் பாலித்தீனால் கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பம்பு இழுத்தாலே தொட்டி உள்ளே குழிந்துவிடும்.

நீச்சல் குளமும் ஒரு மெல்லிய ஓடு. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை வெளி மண்ணின் நீரோடு சமன்படும். 2022 ஏப்ரல் வெள்ளம் போல மண் ஊறிக்கிடக்கும்போது, சேறு கழுவுகிறேன் என்று குளத்தைக் காலி செய்தால், ஒன்றரை மீட்டர் ஆழச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் அகலத்தையும் 1.1 டன் விசை உள்ளே தள்ளும். தட்டையான நீளச் சுவர் முதலில் பிதுங்கும், சில வேளை குளமே மேலே எழும்பும். அடியில் நீர் விடும் வால்வு இருக்கிறதா, அடைக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். வால்வு இருந்தாலும் மண் ஈரம் இறங்கும்வரை தண்ணீரை உள்ளேயே வைத்து, வடிகட்டியைக் கொண்டு சுத்தம் செய்யுங்கள்.